அட்டவணையில் நின்ற ஐதரசன்

விண்மீன்களின் தூரத்தையும் இயக்கத்தையும் மனிதன் அறியக்கூடும். அவை எப்பொருளால் ஆயவை என்பதை ஒருபோதும் அறியான் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி ஓகஸ்ட் கொம்ட் 1835இல் எழுதினார். கால் நூற்றாண்டுக்குள் அக்கூற்றுப் பொய்த்தது. சூரிய நிறமாலையிலே காணப்படும் கருங்கோடுகள் வெவ்வேறு மூலகங்களின் அடையாளங்கள் என்பதைக் கிர்க்கோஃப், புன்சன் ஆகிய ஜேர்மனிய அறிஞர் இருவரும் 1859ஐ அடுத்து நிறுவினர். இரும்பு, சோடியம், கல்சியம் எனப் பூமியிலுள்ள மூலகங்களே அங்கும் இருந்தன.

இவ்வெற்றியே ஒரு நீண்ட மயக்கத்துக்கும் வித்திட்டது. சூரிய நிறமாலையில் இரும்பின் கோடுகள் மிகப் பல. கல்சியத்தின் கோடுகள் மிகத் தடித்தவை. எனவே இத்தகைய மூலகங்களே அங்கு மிகுந்துள்ளன எனக் கொள்ளப்பட்டது. பூமியைச் சூரியனின் வெப்பநிலைக்குக் காய்ச்சினால் அதன் நிறமாலையும் சூரியனுடையதைப் போலவே இருக்கும் என்பது அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஹென்றி ரோலண்டின் கருத்து. சூரியனும் கோள்களும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்ற எண்ணத்துக்கு இது நன்கு பொருந்தியமையால் ஐயுறுவோர் அரிதாயினர்.

கோட்டின் தடிப்பு வேறு, மூலகத்தின் அளவு வேறு என்று காட்டுவதற்கான கருவி கல்கத்தாவிலிருந்து வந்தது. டாக்காவுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில், சிறுகடைக்காரர் ஒருவரின் மகனாக 1893இல் பிறந்த மேகநாத் சாஹாவே அதனைத் தந்தவர். வாயுவொன்றின் வெப்பநிலையும் அமுக்கமும் தெரிந்தால், அதன் அணுக்களுள் எப்பங்கு இலத்திரனை இழந்து அயனாகும் எனக் கணிக்கும் சமன்பாட்டை அவர் 1920இல் வெளியிட்டார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஐதரசன் கோடு பதிக்க வேண்டுமாயின், அதன் அணு முன்னரே இரண்டாம் சக்திப்படியில் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலையுடைய சூரிய மேற்பரப்பில் அந்நிலையில் இருப்பது கோடிக்கணக்கான அணுக்களுள் ஒன்றே. கல்சியமோ அதே வெப்பநிலையில் எளிதாக ஓர் இலத்திரனை இழந்து, தன் அணுக்களுள் பெரும்பாலானவற்றைக் கொண்டு கோடு வரைகிறது. ஊர்க்கூட்டத்திலே உரத்துப் பேசுவோர் சிலராகவும் வாய்திறவாதோர் பலராகவும் இருப்பதுபோன்ற நிலை இது.

சாஹாவின் சமன்பாட்டை விண்மீன்களின் அமைப்பறிய விரிவாகப் பிரயோகித்தவர் செசிலியா பெயின். 1900இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் பயின்றார். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1948இலேதான். 1923இல் பெயின் அமெரிக்கா சென்று ஹார்வர்ட் வானாய்வு நிலையத்திற் சேர்ந்தார். அங்கே ஆனி ஜம்ப் கனன், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தியிருந்தார். ஒளிப்படத் தட்டுகளாகக் குவிந்துகிடந்த அச்செல்வத்தைப் பெயின் கணித்துப் பார்த்தபோது இரு முடிவுகள் கிட்டின. விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதற்குப் பெரிதும் காரணம் வெப்பநிலையே. பொருள் வேறுபாடு அன்று. மற்றையது, ஐதரசன் உலோகங்களினும் ஏறத்தாழ மில்லியன் மடங்கு மிகுந்திருந்தது, ஈலியமும் மிகுந்திருந்தது.

ஆய்வின் கையெழுத்துப்படியைப் பார்வையிட்ட பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நோரிஸ் ரசல், இத்தகைய ஐதரசன் மிகுதி இயலாதது என 1925 ஜனவரியில் எழுதினார். அவ்வாண்டு வெளிவந்த ஆய்வேட்டில் எண்கள் மாற்றமின்றி அட்டவணையில் நின்றன. ஐதரசனுக்கும் ஈலியத்துக்கும் கிடைத்த பெறுமானங்கள் பெரும்பாலும் மெய்யல்ல என்ற வாக்கியமும் உடன் நின்றது. அட்டவணை ஒன்று கூற, உரைநடை அதனை மறுத்தது. வரலாற்று மாணவர் இவ்வேட்டை ஓர் ஆவணமாகவே படிக்கலாம்.

ரசலைத் தீயவராகச் சித்திரிப்பது எளிது, சரியன்று. அக்காலப் பௌதிக அறிவில் அவருடைய ஐயத்துக்கு இடமிருந்தது. ஆயினும் நிலையான பதவி எதுவும் இல்லாத இருபத்துநான்கு வயது மாணவியும், அமெரிக்க வானியலில் எவருடைய எதிர்காலத்தையும் ஒரு கடிதத்தால் ஆக்கவோ அழிக்கவோ வல்ல பேராசிரியரும் சமநிலையில் நின்று வாதிட்டனர் எனக் கூற முடியாது. தம் கருத்தை வலியுறுத்தாத குற்றம் தம்முடையதே எனப் பெயின் தன்வரலாற்றில் எழுதினார். அவ்வாக்குமூலத்தை அப்படியே ஏற்பது கடினம்.

1929இல் ரசல் வேறொரு முறையாற் சூரிய வளிமண்டலத்தை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். தம் பெறுபேறு பெயினுடையதோடு ஒத்திருப்பதையும் குறிப்பிட்டார். 1932இல் எடிங்டனும் ஸ்ட்ரோம்கிரனும் தனித்தனியே விண்மீன்களின் உட்பகுதியிலும் ஐதரசன் பெருமளவில் உண்டெனக் கண்டனர். ஐதரசன் ஈலியமாக மாறுவதிலிருந்து விண்மீன்கள் சக்தி பெறக்கூடும் என எடிங்டன் 1920இலேயே ஊகித்திருந்தார். அதற்குப் போதிய எரிபொருள் உண்டென்பது இப்போதுதான் தெளிவாயிற்று. 1939இல் ஹான்ஸ் பேத்தே அம்மாற்றத்துக்குரிய அணுக்கருத் தாக்கங்களை விளக்கினார். மையத்து ஐதரசன் தீர்ந்த விண்மீன் செம்பூதமாக விரிவதும், சூரியன் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக ஒளிர்வதும் இவ்வடிப்படையிலேயே விளங்கின. பெயினை ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பேராசிரியராக உயர்த்தியது 1956இல்.