ஆறு இல்லாத ஆற்றங்கரை: தேம்ஸ் நடைபாதையின் முதல் நாள்

தேம்ஸ் நதி என்றதும் லண்டன் பாலங்களும் பாராளுமன்றக் கட்டடமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நதியை ஒட்டி நடப்பதற்கென்றே ஒரு நீண்ட பாதை இருக்கிறது. க்ளோஸ்டர்ஷையரில் கெம்பிள் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, லண்டனின் தென்கிழக்கில் உள்ள வெள்ளத் தடுப்பு மதகு வரை போகிறது. நீளம் சுமார் 184 மைல், அதாவது 296 கிலோமீட்டர். 1996-ல் இது தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. முழுவதும் நடந்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

முதல் நாள் நடை பெரும்பாலும் கிரிக்லேட் என்ற சிற்றூர் வரை, சுமார் 20 கிலோமீட்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், வருடத்தின் பல மாதங்களில் அன்று காலை ஆறே கண்ணில் படாது!

மரத்தடியில் ஒரு கல்

லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் கெம்பிளில் இறங்குவார்கள். அங்கிருந்து வயல் வழியாக நடந்தால் ஒரு புல்வெளி வரும். அங்கே ஒரு மரத்தடியில் கல் ஒன்று நட்டிருக்கிறது. இதுதான் தேம்ஸ் பிறக்கும் இடம் என்று அது சொல்கிறது. ஆனால் சுற்றிலும் இருப்பது சில கற்களும் புல்லும்தான். நல்ல மழைக்காலத்தில் மட்டுமே இங்கே நீர் ஊறும்.

1958-ல் 'தேம்ஸ் தாத்தா' சிலை ஒன்றை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ரஃபாயெல்லே மோன்டி என்ற சிற்பி லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்காகச் செய்த சிலை அது. ஆளில்லாத இடத்தில் சிலையைச் சேதப்படுத்துகிறார்கள் என்று 1974-ல் லெக்லேடு ஊரின் மதகுக்கு மாற்றிவிட்டார்கள்.

2022 கோடையில் நிலைமை இன்னும் மோசம். அந்த ஜூலை மாதம் இங்கிலாந்துக்கு 1935-க்குப் பிறகு வந்த மிக வறண்ட ஜூலை. கல் இருக்கும் இடத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் கீழே, சாமர்ஃபோர்டு கெய்ன்ஸ் கிராமத்தைத் தாண்டித்தான் நீரோட்டம் தென்பட்டது. அந்தக் கோடையில் நடந்தவர்களுக்கு முதல் நாளில் பாதி வறண்ட பள்ளத்தோடு போயிருக்கும்.

வியாபாரம் போட்ட பாதை

தேம்ஸ் நடைபாதையின் பெரும்பகுதி நடைப்பயணிகளுக்காகப் போட்டதல்ல. அது சரக்குப் படகுகளுக்காக வந்த இழுவைப் பாதை. ஆற்றின் போக்குக்கு எதிரே படகு போக வேண்டுமானால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். முதலில் ஆட்கள் இழுத்தார்கள். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குதிரைகள் வந்தன. குதிரை நடக்கக் கரையில் வழி வேண்டும். நிலச்சுவான்தார் வழிவிட மறுத்தால் பாதை எதிர்க்கரைக்குத் தாவும். அங்கெல்லாம் குதிரைகளை ஓடத்தில் ஏற்றிக் கடத்தினார்கள்.

பிறகு ரயில் வந்தது. சரக்கு ரயிலுக்குப் போனது. குதிரைகள் போயின, ஓடத்துறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒரு கரையில் வரும் பாதை ஆற்றோரம் வந்து அப்படியே நின்றுவிடும். தொடர்ச்சி எதிர்க்கரையில் இருக்கும். கடப்பதற்குத்தான் வழியில்லை. நடைபாதை யோசனை 1940-களின் கடைசியிலேயே பேசப்பட்டும் 1996 வரை இழுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மார்லோ அருகே டெம்பிள் என்ற இடத்தில், பழைய ஓடத்துறை இருந்த பகுதியிலேயே 1989-ல் ஒரு நடைப்பாலம் கட்டினார்கள்.

சரி, முதல் நாள் பாதைக்கு வருவோம். இழுவைப் பாதை லெக்லேடுக்குப் பக்கத்தில் உள்ள இங்கிள்ஷமோடு முடிந்துவிட்டது. அங்கேதான் 1789-ல் தேம்ஸ்-செவர்ன் கால்வாய் ஆற்றோடு சேர்ந்தது. அதற்கு மேலே போகும் சரக்கு கால்வாய் வழியே போனது. அந்தக் கால்வாயும் நஷ்டக் கதைதான். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. தேம்ஸ் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே கிணறு வெட்டி நீராவி எந்திரத்தால் நீர் இறைத்துப் பார்த்தார்கள். 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கால்வாயைக் கைவிட்டார்கள்.

ஆக, முதல் நாள் நடக்கும் வழிக்கு வியாபாரம் எதையும் விட்டுவைக்கவில்லை. வயல் வழிகளும் கிராமத் தெருக்களும்தான் கைகொடுத்தன.

நடந்தால்தான் உரிமை

இங்கிலாந்தில் வயல் தனியாருடையது. ஆனால் அதன் குறுக்கே போகும் வழி பொதுமக்களுடையதாக இருக்கலாம். 1932-ல் வந்த பாதை உரிமைச் சட்டம் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. மக்கள் ஒரு வழியில் தடையின்றி, உரிமையோடு 20 வருடம் நடந்திருந்தால் பொதுவாக அது பொதுவழி. 1949-ல் வந்த இன்னொரு சட்டம் இப்படிப்பட்ட வழிகளை வரைபடத்தில் பதிவு செய்யும் வேலையை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. சந்தைக்கும் சர்ச்சுக்கும் நடந்த கால்களே பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி!

மதியத்துக்கு மேல் காட்சி மாறுகிறது. ஆஷ்டன் கெய்ன்ஸ் கிராமத்தில் தேம்ஸ் வீட்டு வாசல்களை ஒட்டி வாய்க்கால் போல ஓடுகிறது. அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். எதுவும் இயற்கையானதல்ல. 20-ம் நூற்றாண்டில் கட்டட வேலைக்காகச் சரளைக்கல் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன.

கிரிக்லேடுக்கு முன்னால் வருவது நார்த் மெடோ என்ற புல்வெளி. ஏப்ரலில் இங்கே ஃப்ரிட்டிலரி என்ற ஊதாப் பூக்கள் தலைகவிழ்ந்து பூக்கும். பிரிட்டனில் இயற்கையாக வளரும் இந்தப் பூவில் பெரும்பங்கு இந்த ஒரே புல்வெளியில்தான். காரணம் இங்கேயும் பொது உரிமைதான். கோடையில் புல் அறுத்த பிறகு ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை ஊரார் மாடு மேய்க்கும் உரிமை பல நூற்றாண்டாகத் தொடர்கிறது. அதனால் இதை யாரும் உழவில்லை. அக்கம்பக்கத்து நிலங்களில் காணாமல் போன பூ இங்கே தப்பித்தது.

மாலையில் கிரிக்லேடு. 9-ம் நூற்றாண்டில் ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்தில் வைக்கிங்குகளுக்கு எதிராக அரண் கட்டிய ஊர். தேம்ஸ் கரையில் வரும் முதல் பட்டணமும் இதுதான். இங்கே பாலத்தடியில் ஓடுவது சின்ன ஓடைதான் என்றாலும், அதை ஆறு என்று சொல்ல முடிகிறது.

குதிரைப் பாதை இன்னும் ஒரு நாள் நடைக்கு அப்பால் இருக்கிறது. அதுவரை நடப்பவரின் காலடியில் இருப்பது, ஊரார் விடாமல் நடந்ததால் மிஞ்சிய வழி.