கப்பலில் ஒலித்த குழல்

அடிமைக் கப்பலின் கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லலாமா? சொல்வதாயின் எவ்வளவு சொல்லலாம்? பிஞ்சு நெஞ்சம் பொறுக்குமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தைப் பொருட்படுத்தாமல் அமெரிக்க எழுத்தாளர் பாலா ஃபாக்ஸ் 1973இல் ஒரு சரித்திரப் புதினத்தை எழுதி வெளியிட்டார். ‘தி ஸ்லேவ் டான்ஸர்’ என்பது அதன் பெயர். அடிமைகளை ஆட்டுவிப்பவன் என்று தமிழில் கொள்ளலாம். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கென வழங்கப்பெறும் நியூபெரி பதக்கம் மறு ஆண்டே அதனைத் தேடி வந்தது.

கதையின் நாயகன் ஜெஸ்ஸி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சிறுவன். வயது பதின்மூன்று. தந்தையில்லை, தாய் தையல் வேலை செய்து பிழைப்பவள். சந்தைத் திடலில் சிறு குழல் ஊதிச் சில்லறை சேர்க்கும் அச்சிறுவனை, 1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் இரவு, ‘மூன்லைட்’ என்னும் கப்பலைச் சார்ந்தவர்கள் தூக்கிச் சென்றுவிடுகிறார்கள். எதற்காக? ஆப்பிரிக்கக் கரையிலிருந்து விலைக்கு வாங்கி வரும் மக்களைக் கப்பலின் மேல்தளத்தில் நிறுத்தி ஆடச் செய்வதற்குக் குழலூதும் ஒருவன் தேவை. அடித்தளத்து இருளில் விலங்கிடப்பட்டு அடுக்கப்பட்டோரின் கைகால்கள் மரத்துப் போனால் சந்தையில் விலை குறைந்துவிடுமல்லவா? கதைக்காகக் கற்பனை செய்யப்பட்ட கொடுமை அன்று இது. அடிமைக் கப்பல்களில் உண்மையாகவே நிலவிய வழக்கம். சவுக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் தாளமிட்டார்கள்.

ஜெஸ்ஸி ஊதுகிறான். ஊத மறுத்தபோது அவனுக்கும் அடி விழுகிறது. தன்னை இக்கதிக்கு ஆளாக்கிய கப்பல்காரர்களை வெறுக்க வேண்டியவன், ஒரு கட்டத்தில், தன் எதிரே ஆடி நிற்கும் அந்த அபாக்கியவான்களையே வெறுக்கிறான். கொடுமையின் ஊழியனாக ஆக்கப்பட்டவன் மனம் எப்படித் திரியும் என்பதை இவ்வளவு நேர்மையுடன் சிறுவர் நூல் ஒன்று சொல்லியிருப்பது எனக்கு வியப்பளித்தது. இறுதியில் புயலில் கப்பல் உடைகிறது. ஜெஸ்ஸியும், ராஸ் என்னும் ஆப்பிரிக்கச் சிறுவனும் மட்டுமே கரையேறுகிறார்கள். பின்னாளில் பெரியவனான ஜெஸ்ஸியால் எந்த இசையையும் கேட்கவே இயலுவதில்லை.

பரிசு கிடைத்தபோதே நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. கறுப்பின மக்களின் துயரை ஒரு வெள்ளைச் சிறுவனின் கண்வழியாக மட்டும் ஏன் காட்ட வேண்டும், அம்மக்களில் ராஸைத் தவிர வேறெவருக்கும் பெயரில்லையே, வாயில்லையே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. அட்லாண்டிக் கடல்வழியே ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்றும், உயிருடன் கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். எஞ்சியோர் கடலுக்கு இரையாயினர். இத்தனை பேரில் தம் சொந்த எழுத்தை நமக்கு விட்டுச் சென்றவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் முஸ்லிம்களும் உளர் என்பதை நம் வாசகர்கள் அறிதல் வேண்டும். 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட உமர் இப்னு சயீத், 1831இல் தம் வரலாற்றை அரபு மொழியிலேயே எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

அவருக்கு முன்பே அய்யூபா சுலைமான் தியால்லோ என்பவர் இருந்தார். இவருடைய கதையை நாம் சற்று நின்று கேட்க வேண்டும். ஏனெனில் அது நமக்கு இனிப்பானதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பூண்டு நாட்டைச் சேர்ந்த மார்க்கக் கல்விக் குடும்பத்தில் பிறந்தவர். திருக்குர்ஆனை மனனம் செய்தவர். 1731 வாக்கில் அவருடைய தந்தையார் அவரைக் காம்பியா நதிக்கரைக்கு அனுப்பினார். காகிதம் வாங்கி வரவும், இரண்டு அடிமைகளை விற்று வரவும்! ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனிடம் விலை பேசினார்; படியவில்லை. வேறிடத்தில் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் பகைவர் கையில் சிக்கினார். அவர்கள் அவரை அதே கப்பல் தலைவனிடம் கொண்டுபோய் விற்றார்கள். மேரிலாந்துத் தோட்டத்தில் துன்புற்று, 1733இல் இங்கிலாந்து சென்று, விடுதலை பெற்று, 1734இல் தாயகம் மீண்டார்.

அடிமைத் தளையறுத்தலை ஏறுதற்கரிய மேட்டுப்பாதை என்று சிறப்பிக்கும் மறையைப் பெற்றவர்கள் நாம். ஸகாத் செலவிடப்பட வேண்டிய எட்டு இனங்களுள் அடிமை விடுதலையும் ஒன்று. ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் பொருள் கொடுத்து மீட்ட ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் குரலே முதல் பாங்கொலியாயிற்று என்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அதை அறிந்த பிள்ளைகள் அய்யூபாவின் கதையையும் அறிய வேண்டும் என்பது என் கருத்து. அவர் துன்புற்ற பாதியை மட்டும் சொல்லி, விற்கப்போன பாதியை மறைத்தால் அது சரித்திரமாகாது.

இவையெல்லாம் எங்கோ அட்லாண்டிக் கரையில் நடந்தவை என்று எண்ணி அமைதியடைவதற்கும் இல்லை. நம் சோழமண்டலக் கரையிலும் அடிமைக் கப்பல்கள் நின்றன. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாழ்ந்த ஒல்லாந்தர், 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்களே இவை. அடுத்த மூன்றாண்டுகளில், பீஜப்பூர் சுல்தானின் படைகளாலும் பஞ்சத்தாலும் தஞ்சை நாடு சீரழிந்தபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை அக்கரையிலிருந்து இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். வயிற்றுக் கொடுமையால் பெற்ற மக்களை விற்றவர்களும், தம்மையே விற்றுக்கொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், அடிமைகளின் பெயருக்குப் பின்னே ‘கொரமண்டல்’ என்று ஊர்ப்பெயராக எழுதி வைத்தார்கள். தகப்பன் பெயருக்கு அங்கே இடமில்லை.

கரையோரத்தார் கதை இவ்வாறிருக்க, கடலையே கண்டிராத தர்மபுரிச் சீமைக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம் அது. பாராமகால் என வழங்கிய அப்பகுதி, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு மாறியது. அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்து, 1965 அக்டோபர் 2ஆம் நாள்தான் தர்மபுரி மாவட்டமாகத் தனித்து நின்றது. கிருஷ்ணகிரி 2004இல் அதனினின்றும் பிரிந்தது. ஆகவே பழைய ஏடுகளில் தர்மபுரியாரைத் தேடுவோர், ‘சேலம்’ என்ற சொல்லின் கீழேதான் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் முதலில் எதிர்ப்படுவது 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம். 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டு கழித்து எண்ணியபோது 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஐவரில் ஒருவர் அளவுக்குக் குறைந்துபோயினர். இறந்தவர் பெரும்பாலோர், ஊரைவிட்டுப் போனவர் பலர். சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதை 1861லேயே மொரப்பூர் வழியாகப் போடப்பட்டுவிட்டது. பட்டினி கிடந்தவன் மொரப்பூர் வரை நடந்துவிட்டால், சென்னைத் துறைமுகம் எட்டிவிடும் தூரந்தான். அங்கே ஆள் சேர்ப்போரின் கூலி டிப்போக்கள் இருந்தன.

ஆங்கிலப் பேரரசில் அடிமைமுறை 1834 ஆகஸ்ட் முதல் நாள் சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை ஒழியவில்லை. அவ்விடத்தை நிரப்பவே ஒப்பந்தக் கூலிமுறை பிறந்தது. ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் நேட்டாலில் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் சென்றனர். அவர்களுள் மூன்றில் இருவர் சென்னைத் துறையில் ஏறியவர்கள். வட ஆற்காட்டார் மிகுதி. சேலத்தாரும் அப்பட்டியல்களில் உண்டு.

இந்தக் கப்பல்களையும் அடிமைக் கப்பல் என்றே சொல்லிவிடுவோர் உளர். நான் அதற்கு உடன்படேன். அடிமையின் பிள்ளையும் அடிமை. ஒப்பந்தக்காரனுக்கு ஐந்தாண்டுத் தவணை இருந்தது. மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பத்தாண்டு கழித்து இலவசமாய்த் திரும்பும் உரிமை. ஆயினும், படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்தவனுக்கு அத்தாளின் பொருள் தோட்டத்தில் இறங்கிய பிறகே விளங்கியது. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. ஐந்தாண்டு முடித்துத் தங்கியவர்கள் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டுமென 1895இல் நேட்டாலில் சட்டம் செய்தார்கள். 1914இல் அவ்வரி நீங்குவதற்குள் எத்தனை குடும்பங்கள் மீண்டும் ஒப்பந்தத்தில் விழுந்தன!

ஜெஸ்ஸியின் குழலை இங்கே மறுபடியும் நினைக்க வேண்டியிருக்கிறது. கூலிக் கப்பல்களிலும் மத்தளங்கள் ஏற்றப்பட்டன. பிரயாணிகள் சோர்ந்து நோயுறாதபடி மாலைவேளையில் பாட்டும் ஆட்டமும் நடக்கச் செய்வது கப்பல் மருத்துவரின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. சவுக்கில்லை, தளை இல்லை. தட்டியவனும் ஆடியவனும் ஒரே சீமையார். தெருக்கூத்தில் பழகிய கை, ஆடும் மரப்பலகை மேல் அமர்ந்து மத்தளம் கொட்டியிருக்கும். அதைக் கேட்டவர்களுக்கு ஊர் நினைவு ஆறுதலாயிருந்ததா, ஆற்றாமையாயிருந்ததா? ஒரு புதினாசிரியர் புகவேண்டிய இடம் இதுதான்.

முஸ்லிம்களும் அக்கப்பல்களில் சென்றனர். டர்பனில் ப்ரூக் தெரு அடக்கத்தலத்தில் துயிலும் பாதுஷா பீர் அவர்கள், முதற்கப்பலான ‘ட்ரூரோ’விலேயே ஒப்பந்தக் கூலியாக வந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. அவர்கள் மறைந்தது 1894இல். மறு ஆண்டு நேட்டால் வந்த சூஃபி சாஹிப் அவர்களே அக்கல்லறையை அடையாளங்காட்டினார் என்பர். நம் நாட்டு நகரங்களில் பள்ளிவாசலும் மதரஸாவும் கட்டிய செல்வந்தர்களின் பெயர்கள் கல்வெட்டில் நிற்கின்றன. கப்பலேறிய ஏழை முஸ்லிமின் பெயரை நாம் எங்கே பொறித்தோம்?

அப்பெயர்கள் வேறொருவர் ஏட்டில் இருக்கின்றன. ஆப்பிரிக்கரை ஏற்றிய கப்பல்களின் கணக்கில் தலைகளின் எண்ணிக்கையே மிகுதி. நேட்டால் கப்பல்களின் பட்டியலிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. பதிவெண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். முஸ்லிம்களுக்கும் சாதிக் கட்டத்திலேயே இடம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதிப்படி ஏற்றப்பட்ட பெண்களும், அவர்களுடன் வந்த குழந்தைகளும் தனித்தனியே பதிவு பெற்றுள்ளனர். அந்தப் பட்டியல்கள் டர்பனில் காக்கப்பட்டு, இப்போது கணினியிலும் ஏற்றப்பட்டுள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவற்றைப் பார்த்துத் தம் பாட்டனாரின் ஊரைத் தேடி இங்கு வருவதுண்டு. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அரூர், ஓசூர் போன்ற பெயர்கள் அவர்கள் கையில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

பாலா ஃபாக்ஸுக்குக் கிடைக்காத வசதி இது. அவர் பெயரில்லாத மக்களுக்குக் கதை எழுத வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்காக எழுத முன்வருபவர்க்குப் பெயர் உண்டு, வயது உண்டு, ஊர் உண்டு; குரல்தான் இல்லை. அகிலன் மலேயாத் தோட்டத்துத் தமிழரைப் ‘பால்மரக் காட்டினிலே’ புதினத்தில் எழுதினார், அது பெரியவர்களுக்கானது. பத்து வயதில் தாயின் கைபிடித்துக் கப்பலேறிய சேலத்துச் சிறுமியை எழுதுவதற்கு, அப்பட்டியலின் கடைசிக் கட்டம் ஒன்றே போதுமென்று எனக்குத் தோன்றுகிறது. உடலடையாளங்களுக்கான கட்டம் அது. நெற்றியில் மச்சம், முன்கையில் பச்சைக்குத்து, முழங்காலில் தழும்பு என்று சுருக்கமாக எழுதி நிரப்பியிருப்பார்கள். தழும்பு எப்படி வந்ததென்று எழுத்தர் எழுதவில்லை.