வளைந்து வந்த விண்மீன் ஒளி

ஒளியை நேர்மைக்கு உவமையாக்குதல் கவிஞர் மரபு. அவ்வொளியும் கதிரவன் அருகே வரும்போது வளைகிறது என்று மெய்ப்பித்த வரலாறு, பிழையும் போரும் மேகமும் குறுக்கிட்ட வரலாறாகும்.

நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு ஒளியின் வளைவை 1801-இலேயே கணக்கிட்டவர் ஜெர்மானியரான ஸோல்ட்னர். 1911-இல் ஐன்ஸ்டீன் வேறு வழியில் சென்றும் ஏறத்தாழ அதே விடையைக் கண்டார். கதிரவனின் விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 0.83 விகலை வளையும் என்றார். முழு நிலவின் விட்டமே ஏறத்தாழ 1,800 விகலை எனில், இதன் நுண்மையை உணரலாம்.

பகலில் விண்மீன்களைக் காண முழுச் சூரிய கிரகணம் வேண்டும். 1914 ஆகஸ்டு 21 கிரகணத்திற்காக ஃப்ராய்ண்ட்லிக் என்னும் ஜெர்மானிய வானியலார் கிரிமியா சென்றார். அதற்குள் போர் மூண்டது. ரஷ்யர்கள் அவரைச் சிறைப்பிடித்தனர், கருவிகளையும் பறித்தனர். சோதனை நடவாமற் போயிற்று.

அந்த இழப்பே பின்னர் நற்பேறாயிற்று. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை நிறைவு செய்தபோது, கதிரவனைச் சூழ்ந்த வெளியே வளைந்திருப்பதையும் கணக்கிற் கொண்டார். விடை இருமடங்காயிற்று: ஏறத்தாழ 1.7 விகலை. 1914-இல் அளந்திருப்பின், வானம் அவரது பழைய கணக்கைப் பொய்யாக்கியிருக்கும்.

போர்க்காலத்திலேயே, பகை நாட்டில் பிறந்த அக்கோட்பாட்டைச் சோதிக்க ஆங்கில வானியலார் திட்டமிட்டனர். 1919 மே 29 அன்று ஒரு குழு பிரேசிலின் சோப்ரால் நகரிலும், எடிங்டனின் குழு மேற்கு ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிபித் தீவிலும் காத்திருந்தன. தீவில் காலையில் பெருமழை, பின்னரும் மேகம். எடுத்த 16 ஒளிப்படத் தகடுகளில் சிலவே பயன்பட்டன. அவை தந்த அளவு 1.61 விகலை; சோப்ரால் தந்தது 1.98. சோப்ராலின் மற்றொரு தொலைநோக்கி 0.93 என்றது, படங்கள் தெளிவற்றிருந்தமையால் அது ஒதுக்கப்பட்டது. இவ்வொதுக்கலை ஐயுற்றோர் உண்டு. எனினும், அத்தகடுகளை 1979-இல் புதிய கருவியால் மீண்டும் அளந்தபோது 1.55 என்றே கிடைத்தது.

1919 நவம்பர் 6 அன்று இலண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஐன்ஸ்டீன் உலகப் புகழ் பெற்றார்.

அப்புகழுக்கு நான்காண்டுகளுக்கு முன்பே, எவரும் சுட்டுமுன், தம் கணக்கைத் தாமே திருத்தியவர் அவர். எழுதியதை அடித்துத் திருத்தும் துணிவு எத்துணை அரிதென்பதைக் கவிதை எழுதும் நாமும் அறிவோம்.