மருத்துவமனை வாயிலில் பேசும் பொறி

கொள்ளேகால் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தின் தாலுகாவாக இருந்தது. நவம்பர் முதல் நாள் மொழிவழியே மாநிலங்கள் அமைந்தபோது மைசூரைச் சேர்ந்தது; 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்றும் பிரிந்த சாமராசநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. நம்மில் பலர் பிழைப்பை நாடி மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பெயர்ந்தோம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை பெயர்ந்தது. நோயுற்று மருத்துவமனைக்குப் போகும்போது இரு சாராரின் நிலையும் ஒன்றே. வலியை வேற்று மொழியில் சொல்ல வேண்டும்.

இப்போது அம்மருத்துவமனைகளில் உரையாடும் பொறியை அமர்த்தும் பேச்சு எங்கும் எழுந்துள்ளது. மருத்துவர் எப்போது வருவார், அடுத்த தடுப்பூசி என்றைக்கு, இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று கேட்போர்க்கெல்லாம் விடை கூறியே செவிலியர் சோர்கின்றனர். அச்சுமையைக் கைப்பேசி வழியே பொறி ஏற்கட்டும் என்பது கருத்து.

இப்பொறி பிறந்ததே மருத்துவர் வேடத்தில்தான் என்பது ஒரு வேடிக்கை. 1966-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் யோசப்பு வைசன்பாம் என்பார் ‘எலிசா’வை வெளியிட்டார். அது உளநல மருத்துவரைப் போல, வந்தவர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும். பொருள் ஒன்றும் அறியாது. ஆயினும் அது தம் குறையைக் கேட்பதாகவே மக்கள் நம்பினர். அவருடைய செயலாளரே அதனுடன் பேச அமர்ந்தபோது, அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம்! வைசன்பாம் மகிழவில்லை, கலங்கினார். பொறியிடம் ஒப்படைக்கலாகாத பணிகளும் உண்டென்று 1976-இல் ஒரு நூலே எழுதினார்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், மத்திய அரசு வாட்சப்பில் இத்தகைய உதவிப் பொறி ஒன்றை அமைத்தது. அது பேசியது ஆங்கிலமும் இந்தியும். அடுத்த மாதமே ‘இ-சஞ்சீவனி’ வழியாக வீட்டிலிருந்தபடி மருத்துவரைக் கலந்து பேசும் வசதியும் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. பின்னதன் மறுமுனையில் மருத்துவர் இருந்தார்.

கொள்ளேகால் போன்ற எல்லைப்புறத்தில் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். முதியவர் ஒருவர் “நெஞ்சு கரிக்கிறது” என்கிறார் எனக் கொள்வோம். அச்சொல்லை அறியாத பொறி விழிக்கும். அறிந்த பொறியோ செரிமானக் கோளாறென்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். மாரடைப்பும் சில வேளை அவ்வாறே தோன்றுவதுண்டு. எதிரே நிற்கும் செவிலி, சொல்லை மட்டுமா கேட்கிறாள்? நெற்றியில் அரும்பும் வியர்வையையும் காண்கிறாள்.

தடுப்பூசி நாளைச் சொல்லும் வேலையைப் பொறிக்குத் தருவதை நாம் மனமார வரவேற்கிறோம். நெஞ்சு, மூச்சு, பேறுகாலம் என்ற சொற்கள் வந்த மாத்திரத்தில் அது தன் பேச்சை நிறுத்திச் செவிலியை அழைக்க வேண்டும். அங்ஙனம் அழைக்கப்படுபவர்க்குத் தமிழும் கன்னடமும் தெரிந்திருக்க வேண்டும்.