கோப்பியைத் தின்ற பூஞ்சணம்

கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டு வளவுக்குள் இன்றும் ஒன்றிரண்டு கோப்பி மரங்களைக் காணலாம். பலாவுக்கும் கமுகுக்கும் நடுவே, மிளகுக்கொடிக்குப் பக்கத்தில், கவனிப்பாரற்று நிற்கும். துரைமார் வருமுன்னர் கோப்பி இந்நாட்டில் இப்படித்தான் இருந்தது. அதை இங்கு கொண்டுவந்தோர் அராபியர் என்பர். உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிய தவள மாடுகளோடு மலையேறிய நம் சோனக வியாபாரிகள், திரும்புகையில் பாக்கோடு கோப்பிக் கொட்டையையும் ஏற்றி இறங்கினர். நிழலில் வளர்ந்த அந்தச் செடிக்காக எவரும் காட்டை அழிக்கவில்லை.

ஆங்கிலேயர் அதைத் தோட்டப் பயிராக்கியபோதுதான் நிலைமை மாறிற்று. உரித்து நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம் கூறியது. பின்னர் கோடரி இறங்கியது. காடு வெட்டிய முறையே ஒரு தனிக்கதை. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டிக்கொண்டே போவார்கள். உச்சியிலுள்ள மரங்களை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழுள்ளவற்றின் மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றின் மேல் விழ, முழுச் சரிவும் ஒரே முழக்கத்தோடு படுத்துவிடும். காய்ந்ததும் தீ வைப்பார்கள். 1870களின் இறுதியில் ஏறக்குறைய 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. ஒரே செடி, மலைக்கு மலை, இடையில் மறிப்பதற்கு மரமில்லாமல்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதற்குச் சூட்டிய இலத்தீன் பெயரின் பிற்பகுதிக்கு ‘நாசக்காரி’ என்பது பொருள். பெயர் வைத்தவர்களுக்கு விளங்கியது, தோட்டக்காரருக்கு விளங்கவில்லை. விளைச்சல் குறையக் குறையக் கோப்பியின் விலை ஏறியது. அந்தத் தைரியத்தில் திம்புளை, டிக்கோயா என்று இன்னும் உயரத்திலிருந்த காடுகளையும் வெட்டினார்கள். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற ஆய்வாளர், காற்றில் பறக்கும் நுண்வித்துக்களே நோயைப் பரப்புகின்றன என்று காட்டினார். பருவக் காற்றுக்கும் பூஞ்சணத்துக்கும் மனிதனே பாதை வெட்டிக் கொடுத்திருந்தான். 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஒறியன்டல் வங்கியும் விழுந்தது.

துரைமாரின் நட்டத்தை எழுதியவர்கள் பலர். கிராமத்தவனின் கோப்பியும் பட்டுப்போனதை எழுதியவர்கள் குறைவு. கோப்பிக் காசு இல்லாத நிலையில் நெல்வரி கட்ட வழியின்றி, வலப்பனைப் பகுதியில் விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டன. வரி 1892இல்தான் நீங்கியது. அதற்குள் பலர் நிலத்தையும் சிலர் உயிரையும் இழந்துவிட்டனர்.

ஆனால் பூஞ்சணத்தின் பெரிய விளைவு வேறொன்று என்பதே என் எண்ணம். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்க வேண்டிய சில மாதங்களுக்கே ஆட்கள் தேவை. தமிழகத்திலிருந்து வந்தோர், பெரும்பாலும் ஆண்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வேலை முடிந்ததும் திரும்பிப் போயினர். வழியில் வாந்திபேதியால் மாண்டவர்கள் ஏராளம். தேயிலை அப்படியல்ல. கொழுந்துக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோதும், 1873இல் வெறும் 23 இறாத்தல் தேயிலை கப்பலேறியபோதும், அது ஒரு துரையின் பொழுதுபோக்கு எனவே பலரும் நினைத்திருப்பர். கோப்பி சாய்ந்ததும் அந்தச் செடி மலையெங்கும் பரவியது. குடும்பங்கள் வந்தன. லயங்கள் எழுந்தன. தொட்டிலும் புதைகுழியும் ஒரே தோட்டத்தில் அமைந்தன. கோப்பிக் காலத்திலேயே தங்கிவிட்டோரும் உண்டு. எனினும் வந்துபோவோரை ஒரு சமூகமாக்கியது தேயிலை. தேயிலைக்கு இடம் விட்டது அந்தச் செம்மஞ்சள் தூள்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இச்சமூகத்திடம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பிராவில் பிறந்தவரின் பிறப்பை யார் பதிந்து வைத்தார்கள்? எஞ்சியிருந்த நாடற்றோரின் கணக்கைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

மலையோ தன் கணக்கை மறக்கவில்லை. காட்டின் ஆழ்ந்த வேர்கள் போன சரிவுகளில், களை சுரண்டிச் சுரண்டி மேல்மண் ஆண்டாண்டாக ஆற்றோடு போயிற்று. அதே சரிவுகளில்தான் லயங்களும் நின்றன. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட தோட்டம் அது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களில் பலருக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை.