புரவலர் அவையிலிருந்து பொதுமேடைக்கு: மாற்றுத்திறனாளர் கலைவிழாக்களும் போடி மலைச்சரிவும்

முன்னுரை

மாற்றுத்திறனாளக் கலைஞர்களை முதன்மைப்படுத்தி, மேடையையும் பார்வையாளர் அரங்கையும் அனைவரும் அணுகத்தக்கவாறு அமைக்கும் கலைவிழா, கடந்த அரை நூற்றாண்டில் உருப்பெற்ற நிறுவன வடிவமாகும். தமிழ்ப் புலமை மரபிலோ உடற்குறையுடைய படைப்பாளிகள் பல நூற்றாண்டுகளாக இடம்பெற்றுள்ளனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டையும், போடிநாயக்கனூர் போன்ற ஊர்களை முன்வைத்து அது எழுப்பும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புரவலர் அவையில் புலவர்

இரட்டைப்புலவர் எனப்படும் முதுசூரியர், இளஞ்சூரியர் இருவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் சுமந்து செல்ல, மற்றவர் வழிகாட்ட, இருவரும் தலந்தோறும் சென்று பாடினர் என்பது மரபுச் செய்தி. தில்லைக் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியன இவர்கள் இயற்றியவை. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் எழுத்துகளை வரைந்துகாட்டக் கற்றார் என்பர். பழனியைச் சார்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவைப் பெற்றவர்.

இம்மூன்று சான்றுகளிலும் அணுகல் என்பது தனிமனிதர் வழியாகவே வாய்த்தது. துணைவரின் தோள், கற்பித்தவரின் விரல், புரவலரின் அருள் ஆகியவற்றுள் ஒன்று இல்லையெனினும் புலமை அவையேறியிருக்காது. எனவே, வரலாற்றில் நிலைபெற்ற இப்பெயர்களைச் சமூகத்தின் பொதுவான ஏற்புக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இவை விதிவிலக்குகளின் வரலாறே ஆகும்.

சட்டமும் விழாவும்

அமெரிக்காவில் 1974இல் தொடங்கப்பட்ட ‘வெரி ஸ்பெஷல் ஆர்ட்ஸ்’ அமைப்பு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 2006இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கை, அதன் 30ஆம் உறுப்பில் பண்பாட்டுப் பங்கேற்பை உரிமையாக வரையறுத்தது. இந்தியா 2007இல் அதனை உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியான 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆதரவளித்தல், கலையை அணுகத்தக்கதாக்கல், மாற்றுத்திறனாளர் வரலாற்று அருங்காட்சியகம் அமைத்தல் ஆகியவற்றை அரசின் கடமைகளாக்கியது.

சட்டத்திற்கு முன்பே நடைமுறை தொடங்கிவிட்டது. சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் 2005இல் தொடங்கிய ‘எபிலிட்டிஃபெஸ்ட்’ திரைப்பட விழா, ஒலிவழி விவரிப்பு, எழுத்துரை முதலியவற்றால் பார்வையாளரின் அணுகலையும் விழாவின் பொறுப்பாக்கியது. கோவாவில் 2023 ஜனவரியில் ‘பர்ப்பிள் ஃபெஸ்ட்’ நடைபெற்றது. பழைய அவையில் புலவருக்குத் துணைவர் செய்ததை இங்கு நிறுவனம் செய்கிறது.

தொலைவு என்னும் தடை

எனினும் இவ்விழாக்கள் பெரும்பாலும் தலைநகரங்களைச் சார்ந்தவை. ஏலக்காய் ஏல மையமான போடிநாயக்கனூரிலிருந்து நோக்கினால் இதன் பொருள் தெளிவாகும். சென்னை விழா தொடங்கிய 2005இல் போடிக்கும் மதுரைக்கும் இடையே மீட்டர் கேஜ் இரயில் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் அது நின்றது. 2023 ஜூனில்தான் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது. வாரத்தில் மூன்று நாள் சென்னை வண்டியும் அப்போதே தொடங்கியது. இடைப்பட்ட 12 ஆண்டுகளுக்கு மேலாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவர் பேருந்துப் படிகளையோ வாடகை வண்டியையோ நம்ப வேண்டியிருந்தது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் போடிமெட்டுச் சாலையையும், தோட்டத் தொழிலாளர் நெருக்கியமர்ந்து செல்லும் ஜீப்புகளையும் கருதினால், மலைச்சரிவில் வாழ்வோருக்குத் தடை இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. அரங்க வாயிலில் அமைக்கப்படும் சாய்தளம், அவ்வாயிலை எட்டியவருக்கே பயன்படும்.

முடிவுரை

புரவலர் அவையில் அருளாக இருந்த அணுகல், இன்று சட்டப்படி உரிமையாகியுள்ளது. ஆயினும் பயணம், தங்குமிடம், உடன்வரும் துணைவருக்கான செலவு ஆகியவற்றை விழாவின் செலவுத் திட்டம் ஏற்காவிடில், அவ்வுரிமை நகரத்தாருக்கு மட்டும் உரியதாகச் சுருங்கும். விதிவிலக்குகளின் வரலாறு வேறு வடிவில் தொடரும். ஆகவே விழாவின் அணுகற்றன்மையை அரங்கின் உள்ளமைப்பைக் கொண்டு மட்டும் அளவிடாது, கலைஞரின் வீட்டு வாயிலிலிருந்து அளவிடுதலே 29ஆம் பிரிவின் நோக்கிற்குப் பொருந்துவதாகும்.