பரம்பும் கோட்டையும்



கயத்தாறு என்றவளவில், 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16இல் ஈண்டுத் தூக்கிலிடப்பெற்ற வீரபாண்டிய கட்டபொம்மனை நினையாதார் நம்முள் இலர். 1801இல் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு ஈடாக, 1974இல் அரசினர் அங்கு நினைவுக் கோட்டையொன்று எழுப்பினர். போன கோட்டை ஒருவாறு மீண்டது எனலாம். போயின் மீளாத பழம்பொருளும் நம் மாவட்டத்தில் உண்டு. அது பற்றிச் சில கூற விழைகின்றோம்.

தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு உளது. பரம்பாவது உழவுக்கு உதவாத சரள்மேடு. மதிலும் கல்வெட்டும் இல்லாத அம்மேடு 114 ஏக்கர் பரப்புடையது, முதுமக்கட்டாழிகளின் இருப்பிடம். 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கு அகழ்ந்தெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் சென்னை அருங்காட்சியகம் புகுந்தன. கணவனை இழந்தாளொருத்தி, தாழி வனையும் குயவனிடம் தனக்கும் இடமுளதாக அகல வனையுமாறு வேண்டிய புறநானூற்றுச் செய்தியைக் கற்றோர், இத்தாழிகளைக் கண்டு நெஞ்சுருகாதிரார்.

இனி, சிவகளைப் பரம்பு. அதன் பழமையை முதற்கண் உணர்ந்து உரைத்தவர் ஒரு பள்ளியாசிரியர். 2020 தொடங்கி மாநிலத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தனர். தாழியொன்றனுள் கிடந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பெற்றது. தாழியும் நெல்லும் கலையாது கிடந்தமையாலன்றோ இஃது அறியலாயிற்று? இடம் பெயர்த்த தாழி வெறும் பானையே. அதன் காலத்தையும் உரியாரையும் உரைக்க வல்ல மண் அதனோடு வாராது. இதுபற்றியே ஆதிச்சநல்லூரில் தாழிகளைக் கிடந்தவாறே வைத்துக் கண்ணாடி வழியே காணும் காட்சியிடம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது.

1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் அரசு எல்லை குறித்த இடங்களையே காக்கும். குறிக்கப்படாத பரம்புகளுக்குக் காவலர் அயலில் வாழும் நாமே. சாலைக்குச் சரள் அள்ளும்போதும் கிணறு வெட்டும்போதும் தாழியின் விளிம்பு தென்படின், வேலையை நிறுத்தி வட்டாட்சியர்க்கு உடன் அறிவிக்க. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டார் மாவட்ட ஆட்சியர்க்கு உரைத்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

இடிந்த மதிலைக் கொத்தர் எடுப்பர். கலைத்த பரம்பை எடுக்க வல்லார் யாவர்? நம் சங்கத்தார் ஊர்தோறும் இதனை எடுத்துரைப்பாராக.